பொகவந்தலாவையில் உறங்கும் படப்பிடிப்பாளர்
ஜூலியா மாகிரட் கமரன் அம்மையார் (1815 – 1879)

பொகவந்தலாவையில் தேயிலை மலைகளின் நடுவே பரிசுத்த மரியாள் ஆலயம் என்ற சிறிய அங்கிலிக்கன் தேவாலயம் ஒன்று உண்டு. அதன் வளவில் ஓர் ஆங்கிலேயக் கணவனும் மனைவியும் அருகருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கணவரின் பெயரை நாம் பாடசாலையில் வரலாற்றுப் பாடத்தில் மனனம் செய்திருக்கிறோம். கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்களில் வரும் கமரன் அவர்தான். மனைவியின் பெயர் எமது பாடப் புத்தகத்தில் இருக்கவில்லை. ஆனால் இன்று உலகம் முழுவதும் நூதனசாலைகளில் பேணப்படுவது அந்த அம்மையாரின் கைவேலையே. டார்வின் என்றதும் எமது மனத்தில் எழும் வெண்தாடி முகம், டெனிசன் என்றதும் எழும் கலைந்த தலைமுடி, இவற்றை உலகுக்குத் தந்தவர்களுள் முதன்மையானவர் ஜூலியா மாகிரட் கமரன்.

ஒரு தலைமுறையின் முகத்தை அடுத்த தலைமுறைகளுக்குக் கையளித்த இந்தப் பெண்ணின் கதையை, எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் நினைவுகூர்வது பொருத்தமென்று தோன்றியது. அதற்கான காரணத்தைக் கட்டுரையின் முடிவிற் கூறுகிறேன்.

பிறப்பும் இளமையும்

ஜூலியா 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவிற் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பற்றில் கிழக்கிந்தியக் கம்பனியின் உயர் அலுவலர். தாய் அடலின் பிரெஞ்சுப் பிரபு வம்சத்தைச் சேர்ந்தவர். பற்றில் குடும்பத்தில் ஏழு பெண்பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள். சகோதரிகள் அழகுக்குப் பேர்பெற்றவர்கள். ஜூலியாவை மட்டும் ஊரார் அழகி என்று கூறவில்லை. அவரைப் பற்றிச் சொன்னவர்கள் எல்லோரும் அவருடைய அறிவையும், அடக்க முடியாத உற்சாகத்தையும், கொடைக் குணத்தையுமே சொன்னார்கள்.

இளமையிற் பெரும்பகுதியைப் பிரான்சில் பாட்டியாருடன் கழித்து, அங்கேயே கல்வி கற்று, 1834இல் கல்கத்தா திரும்பினார். 1836இல் உடல்நலம் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கே சந்தித்த இருவர் அவருடைய வாழ்வை நிர்ணயித்தார்கள். ஒருவர் தென்னக விண்மீன்களை ஆராய அங்கு தங்கியிருந்த வானியலறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல். மற்றவர் சார்ள்ஸ் ஹே கமரன், ஜூலியாவை விட இருபது வயது மூத்தவர். 1838இல் கல்கத்தாவில் கமரனுக்கும் ஜூலியாவுக்கும் திருமணம் நடந்தது.

சார்ள்ஸ் கமரன் அதற்கு முன்னரே இலங்கையை அறிந்தவர். 1830இல் விசாரணை ஆணையாளராக இங்கு வந்து, கோல்புறூக்குடன் சேர்ந்து அறிக்கை சமர்ப்பித்தவர். இராசகாரிய முறை ஒழிந்ததும், 1833இல் சட்டநிரூபண சபை அமைந்ததும், நீதிமன்றங்கள் ஒரே ஒழுங்கின் கீழ் வந்ததும் அந்த அறிக்கைகளின் விளைவுகள். பின்னர் கல்கத்தாவில் மெக்கோலேயுடன் இந்தியச் சட்டத்தொகுப்பு வேலையிலும் ஈடுபட்டார். இந்த நாட்டின் மேற் கொண்ட பற்றினால் மலைநாட்டிற் பெருமளவு காணி வாங்கினார். அக்காணிகளிற் கோப்பி பயிரிடப்பட்டது. குடும்பத்தின் பிற்கால வாழ்க்கை அந்தக் கோப்பியையே பெரிதும் நம்பியிருந்தது.

1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. ஜூலியா ஆறு பிள்ளைகளைப் பெற்றார். அவற்றோடு உறவினரின் அநாதைப் பிள்ளைகளையும் பிறரையும் தம் வீட்டில் வைத்து வளர்த்தார். மேரி றயன் என்ற ஐரிஷ் சிறுமி தாயுடன் தெருவிற் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணிற் பட்டாள். அவளை வீட்டுக்கு அழைத்து வந்து தம் பிள்ளைகளோடு படிக்க வைத்தார். மேரியின் கதையைப் பின்னர் காண்போம்.

1860இல் வைட் தீவிலுள்ள பிறெஷ்வாட்டர் என்னும் கரையோரக் கிராமத்தில், அரசவைக் கவிஞர் அல்பிரட் டெனிசனின் அயலில், இரண்டு வீடுகளை வாங்கி நடுவே ஒரு கோபுரம் எழுப்பி ஒன்றாக இணைத்தார்கள். அவ்வீட்டுக்கு இட்ட பெயர் டிம்போலா. எமது டிம்புள்ளைதான் அது! வைட் தீவில் இன்றும் அந்த வீடு அதே பெயருடன் நூதனசாலையாக விளங்குகிறது.

நாற்பத்தெட்டு வயதில் ஒரு பரிசு

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், தோட்ட அலுவல்களுக்காகக் கணவரும் ஆண் மக்களும் இலங்கைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று கொடுத்த பரிசு அது.

அக்காலத்துக் கமரா என்றால் இன்றைய பெண்களின் கைப்பையில் அடங்கும் பொருளன்று. முக்காலியில் நிறுத்தப்பட்ட கனத்த மரப்பெட்டி. கண்ணாடித் தட்டைச் சுத்தஞ் செய்து, கொலோடியன் என்னும் பசைத் திரவத்தை ஒரே சீராக ஊற்றி, இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றுத் தொட்டியில் அமிழ்த்தி, ஈரம் காயுமுன் கமராவிற் செருகிப் படம் எடுக்கவேண்டும். எடுத்த கையோடு ஓடிச் சென்று, அந்த ஈரத்துடனேயே தட்டைக் கழுவிப் படத்தை வெளிக்கொணர வேண்டும். தட்டு காய்ந்தால் முழு வேலையும் வீண். பின்னர் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளை அத்தட்டுடன் சேர்த்து வைத்து வெயிலிற் காட்டிப் பிரதி எடுக்கவேண்டும். படத்தைப் பெருப்பிக்கும் வசதி கிடையாது. பெரிய படம் வேண்டுமானால் பெரிய கண்ணாடியே வேண்டும். கமரன் அம்மையார் பின்னாளிற் பயன்படுத்திய தட்டுகள் 15 அங்குலத்துக்கு 12 அங்குல அளவானவை.

நிலக்கரி வைத்திருந்த அறை இருட்டறை ஆயிற்று. கோழிக்கூடு ஸ்ரூடியோ ஆயிற்று. கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது. வெள்ளி நைத்திரேற்றினால் அம்மையாரின் கைகளும் உடைகளும் கறுத்தன, மேசைத் துணிகள் பாழாயின, வீடெங்கும் இரசாயன நெடி வீசியது. யாரும் அவருக்கு முறைப்படி கற்பிக்கவில்லை. எத்தனையோ தட்டுகளைக் கெடுத்த பின், 1864 ஜனவரியில், அனி பில்பொட் என்ற சிறுமியின் படம் திருத்தமாக வந்தது. அதைத் தமது முதல் வெற்றி என்று அவரே குறித்து வைத்தார். ஆனந்தம் தாங்காமல் வீடு முழுவதும் ஓடி அச்சிறுமிக்குப் பரிசு தேடினாராம். அன்றே பிரதி எடுத்து, சட்டமிட்டு, சிறுமியின் தந்தையிடம் கொடுத்தும் விட்டார்.

ஒரு தலைமுறையின் முகம்

அதே ஆண்டில் இலண்டன் படப்பிடிப்பாளர் சங்கத்தில் அவர் உறுப்பினரானார். ஆனால் சங்கத்து நிபுணர்கள் அவருடைய படங்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள். வில்லை கூர்மையாகப் பொருத்தப்படவில்லை, விளிம்புகள் மங்கலாக உள்ளன, தட்டில் விரலடையாளமும் கீறலும் தெரிகின்றன என்பன அவர்களின் குற்றச்சாட்டுகள். குறைகள் உண்மைதான். ஆயினும் அம்மையார் அசையவில்லை. வில்லையைத் திருகும்போது எந்த நிலையில் முகம் அழகாகத் தோன்றுகிறதோ அந்த நிலையிலேயே அவர் நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் கூர்மையாக்க மறுத்தார். முகத்தை அருகில் கொண்டுவந்து, சுற்றிலும் இருளாக்கி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழச் செய்தார். மற்றைய ஸ்ரூடியோக்களில் அலங்காரத் தூண்களும் திரைச்சீலைகளும் முழு உருவத்தோடு சேர்ந்து படமாயின. அம்மையாரின் படத்தில் முகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

படத்துக்கு இருப்பது இலகுவான காரியமாக இருக்கவில்லை. சில நிமிட நேரம் அசையாமல் இருக்கவேண்டும். ஒருமுறை டெனிசன், அமெரிக்கக் கவிஞர் லோங்ஃபெலோவை அழைத்து வந்து, இந்த அம்மா சொல்வதையெல்லாம் நீர் செய்தே ஆகவேண்டும் என்று எச்சரித்து விட்டுப் போனாராம். 1867இல் அம்மையார் தமது நெடுநாள் நண்பரான ஹேர்ஷலின் வீட்டுக்கே கமராவுடன் சென்றார். நிழற்படத்தை நிலைநிறுத்தும் இரசாயன உப்பின் குணத்தைக் கண்டறிந்தவர் ஹேர்ஷல். அந்தப் புதுக் கலையைப் பற்றி அம்மையாருக்கு முதன்முதலாக எழுதித் தெரிவித்தவரும் அவரே. எழுபத்தைந்து வயதான அப்பெரியவரின் தலைமுடியைக் கழுவச் செய்து, அது வெண்ணொளி வட்டம்போற் பரந்து நிற்கும்படி படமெடுத்தார். 1868இல் டார்வின் குடும்பம் பிறெஷ்வாட்டரில் வந்து தங்கியபோது டார்வினைப் படமெடுத்தார். தம்மைப் பிறர் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் விட இதையே விரும்புவதாக டார்வின் எழுதிக் கொடுத்தார். கார்லைல், றொபேட் பிறவுணிங், ஓவியர் வாட்ஸ், வயலின் மேதை யோசப் யோவாக்கிம், நடிகை எலன் டெரி என அந்தத் தலைமுறையின் எழுத்தும் அறிவியலும் கலையும் அவருடைய கண்ணாடித் தட்டுகளிற் பதிந்தன.

தென் கென்சிங்ரன் நூதனசாலை 1865இல் அவருடைய படங்களை வாங்கியது. 1868இல் தன் கட்டடத்தில் இரண்டு அறைகளையே ஸ்ரூடியோவாக அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தது. அவர் வெறும் பொழுதுபோக்காளராக இருக்க விரும்பவில்லை. தம் படங்கள் 500க்கு மேற்பட்டவற்றைப் பதிப்புரிமைக்குப் பதிவு செய்தார், இலண்டன் வியாபாரிகள் ஊடாக விற்றார், புகழ்பெற்றவர்களிடம் படத்தின் கீழே கையொப்பமும் வாங்கிக்கொண்டார். அக்காலத்து உயர்குடிப் பெண் ஒருவர் இவ்வாறு தம் வேலைக்கு விலை கேட்பது புதுமை.

வீட்டுப் பெண்களும் அவருக்குப் படமாயினர். வேலைக்கு நின்ற மேரி ஹில்லியர் எத்தனையோ படங்களில் தேவமாதாவாக இருக்கிறாள். அவர் வளர்த்த மேரி றயனின் படத்தை ஒரு கண்காட்சியிற் கண்டு மனம் பறிகொடுத்த ஹென்றி கொற்றன் என்ற இளைஞர் அவளையே 1867இல் மணந்தார். இந்தியக் குடியியற் சேவையில் உயர்ந்து, ஓய்வுபெற்றபின் 1904ஆம் ஆண்டு இந்திய தேசிய காங்கிரஸ் மகாநாட்டுக்குத் தலைமை வகித்த சேர் ஹென்றி கொற்றன் அவரே. தெருவில் நின்ற சிறுமிக்குக் கிடைத்த கல்வியும் ஒரு படமும் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்று பாருங்கள்.

கவனித்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். ஆண்களின் படங்களின் கீழே அவரவர் பெயரே தலைப்பு. பெண்களோ பெரும்பாலும் மரியாளாகவும், சாஃபோவாகவும், காவியத்து இராணிகளாகவும் நிற்கிறார்கள். இதற்கு முக்கிய விலக்கு அம்மையாரின் மருமகள் ஜூலியா ஜாக்சன். சகோதரியின் மகளாகிய இவரை வேடமெதுவுமின்றி, இவராகவே, பலமுறை படமெடுத்தார். இந்த ஜூலியா ஜாக்சனின் மகள்தான் 1882இற் பிறந்த எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ஃப். பதின்மூன்று வயதில் தாயை இழந்த வேர்ஜீனியாவுக்குத் தாயின் இளமை முகத்தைக் காத்துக் கொடுத்தவை பெரிய சின்னம்மாவின் படங்களே. 1926இல் வேர்ஜீனியாவும் கணவர் லெனார்ட் வூல்ஃபும் தமது ஹோகார்த் அச்சகத்தின் மூலம் கமரன் அம்மையாரின் படங்களைத் தொகுத்து நூலாக்கினார்கள். மறந்துபோயிருந்த அம்மையாரை மீண்டும் பேச வைத்த முயற்சிகளில் அதுவும் ஒன்று. லெனார்ட் வூல்ஃப் 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் தம் உத்தியோகத்தைத் தொடங்கியவர் என்பது எம்மவர் பலருக்குத் தெரிந்ததே.

இலங்கையில் இறுதி நாட்கள்

1869இல் இலங்கைக் கோப்பியில் இலைநோய் தோன்றியது. தோட்ட வருமானம் தளர்ந்தது. 1873இல், கமராவைப் பரிசளித்த அதே மகள் பிரசவத்தில் இறந்தார். முதியவரான சார்ள்ஸோ இலங்கைக்குத் திரும்பவேண்டுமென்ற ஏக்கத்திலேயே இருந்தார். ஆண் மக்களிற் சிலரும் இங்கே இருந்தார்கள். 1875 ஒக்டோபரில் தம்பதியர் கப்பலேறினார்கள். பயணப் பொருட்களோடு இரண்டு சவப்பெட்டிகளும் ஒரு பசுவும் போயின என்பது பிரசித்தமான கதை. இலங்கையிற் சவப்பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோ என்ற முன்யோசனை அது.

களுத்துறையில் அரசாங்க சேவையிலிருந்த மகன் ஹார்டிங்குடன் கடற்கரையோரமாக வாழ்ந்தார்கள். 1877இல் அங்கு வந்த தாவர ஓவியர் மரியான் நோர்த், வீடெங்கும் முயல்களும் அணில்களும் மைனாக்களும் திரிந்ததையும், வளர்ப்பு மான் ஒன்று வாசலிற் காவல் நின்றதையும் எழுதியிருக்கிறார். அம்மையார் அவரையும் தென்னைகளின் நடுவே நிறுத்திப் படமெடுத்தார். ஒரு மனிதனின் முதுகு அழகாக இருக்கிறதென்று, அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். அவ்வீட்டிற் பராமரிக்கத் தோட்டமே இருக்கவில்லை!

இலங்கையில் அவர் எடுத்த படங்களிற் கிடைப்பவை 30க்கும் குறைவே. களுத்துறைக் கிராமத்தவர்கள், தோட்டங்களில் வேலை செய்தவர்கள், சேலை உடுத்த இளம் பெண்கள் அவற்றில் இருக்கிறார்கள். டார்வினை நோக்கிய அதே கவனத்தோடு அம்மையாரின் கமரா இவர்களையும் நோக்கியிருக்கிறது. ஆனால் படத்தின் கீழே பெயர் இல்லை. ஒரு குழு, ஒரு பெண், இலங்கை என்ற அளவோடு குறிப்பு நின்றுவிடுகிறது. அவர்களுட் பெரும்பாலோர் யாரென்று இன்று எவராலும் சொல்ல முடியாது.

மலையகத்தவளாக இந்த இடத்தில் என் மனம் சற்றுத் தரித்து நிற்கிறது. டிம்போலா வீட்டின் கண்ணாடித் தட்டுகளுக்கும் வெள்ளி நைத்திரேற்றுக்குமான பணத்திற் பெரும்பங்கு இந்த மலைகளின் கோப்பியிலிருந்து போனது. அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த எமது முன்னோர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குச் சவப்பெட்டியும் இல்லை, கல்லறையும் இல்லை. உழைத்தவர்களுக்குப் படமும் இல்லை. தப்பித்தவறிக் கிடைத்த சில படங்களிலும் பெயர் இல்லை. இதற்காக அம்மையாரை மட்டும் குறைசொல்ல நான் வரவில்லை. அவர் காலத்து ஆட்சியும் சமூகமும் யாருடைய பெயர் எழுதத்தக்கது என்று நினைத்தனவோ அதையே அவரும் நினைத்தார். மற்றவர்கள் பாராத முகங்களை அவர் பார்த்தார் என்பதும் உண்மை.

1878இற் சிறிது காலம் இங்கிலாந்து சென்று திரும்பிய அம்மையார், குறுகிய கால நோயின் பின், 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கெயான் தோட்டத்தில் தமது 63ஆவது வயதிற் காலமானார். மறு ஆண்டு மே மாதம் சார்ள்ஸும் மறைந்து அவரருகே அடக்கமானார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுத் தீவிர உழைப்பில் அவர் எடுத்தவற்றுள் 1200க்கு மேற்பட்ட படங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. அவரைத் தொடக்கத்தில் ஆதரித்த நூதனசாலை இன்று விக்டோரியா அல்பேட் நூதனசாலை என்ற பெயரில் அவற்றுட் பெருந்தொகையைப் பாதுகாக்கிறது.

எமக்கு ஒரு வேண்டுகோள்

இம்மலருக்காகப் பழைய படங்களைச் சேகரித்தபோது நான் கண்டதைச் சொல்லி முடிக்கிறேன். எமது குழுப் படங்களின் கீழே இருப்பவர்கள், நிற்பவர்கள், சமுகமளிக்காதோர் என இடமிருந்து வலமாகப் பெயர்கள் அச்சாகியுள்ளன. அதிபர், ஆசிரியைகள், மாணவத் தலைவிகள் எல்லோர் பெயரும் உண்டு. ஆனால் விடுதியின் முற்றத்தில் எடுத்த ஒரு படத்தில், மாணவிகளின் பின்னால், முந்தானையைச் செருகியபடி ஓர் அம்மா நிற்கிறார். எங்களுக்குச் சோறு போட்டவர். அவர் பெயரை ஐந்து பேரிடம் கேட்டேன். எல்லோருக்கும் அவரை ஆயாம்மா என்றுதான் தெரியும். இடப்பெயர்வுகளிலும் வெளிநாட்டுப் பயணங்களிலும் எத்தனையோ அல்பங்கள் தொலைந்துபோயின. மிஞ்சியவற்றிலும் முகங்கள் இருக்க, பெயர்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆகவே, அன்புச் சகோதரிகளே, உங்கள் அலுமாரியில் இருக்கும் பாடசாலைப் படங்களை வெளியே எடுங்கள். நினைவு இருக்கும்போதே, மூத்த அக்காமார் எம்முடன் இருக்கும்போதே, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பென்சிலால் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். காவலாளி ஐயாவின் பெயரையும், சமையற்கட்டில் நின்ற அம்மாவின் பெயரையும் தேடி எழுதுங்கள். ஒரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பொகவந்தலாவைப் பக்கம் போகக் கிடைத்தால் பரிசுத்த மரியாள் ஆலய வளவில் சற்று நின்று, நாற்பத்தெட்டு வயதில் ஒரு புதிய வேலையைத் தொடங்கிய அந்த அம்மையாரையும், அவர் படமெடுத்த பெயர் தெரியாத எம்மவரையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.